ஒத்திகை பார்க்காத நாடகம்

நல்லதங்காள் நாடகத்தை எந்த ஊர் மேடையில் போட்டாலும் கதை வந்து முடிகிற இடம் அர்ச்சுனாபுரம். வத்திராயிருப்பை ஒட்டிய ஊர், வ. புதுப்பட்டிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர். நல்லதங்காளுக்கு அங்கே கோயில் உண்டு. ஏழு பிள்ளைகளையும் தள்ளிவிட்டுத் தானும் விழுந்ததாகச் சொல்கிற கிணறும் உண்டு. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சம் தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு மனசு இறங்கியதுபோல் அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள். அது வரைக்கும் முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்துக் கண்ணயர்ந்திருந்த பெண்கள் எழுந்து உட்காருவது இந்த இடத்தில்தான். மூளி அலங்காரி வேஷம் கட்டியவருக்கு வாயில் வந்த ஏச்செல்லாம் விழும். அந்த ஏச்சுதான் அவருக்குக் கிடைக்கும் பாராட்டு.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களில் நல்லதங்காளும் ஒன்று. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று நீளும் அந்த வரிசைதான் இன்றும் தென்மாவட்டத்துக் கோயில் கொடைகளிலும் பங்குனி, சித்திரைப் பொங்கல்களிலும் மேடையேறுகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து நாடகத்தைப் பற்றி எழுத வருகிறவர் அரங்கம், டிக்கெட், வாராந்திரக் காட்சி என்று தேடினால் அதிகம் அகப்படாது. அம்மன் கோயில் முன்னால் போட்ட கொட்டகையைத் தேட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போக வேண்டும்.

ஸ்பெஷல் நாடகம் என்று நாம் சொல்லும் இந்த ஏற்பாட்டில் கம்பெனி கிடையாது. விழாக் கமிட்டிக்காரர்கள் ராஜபார்ட்டுக்கு ஒருவரை, ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவரை, பபூனுக்கு, டான்ஸுக்கு, நாரதருக்கு என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் புதுக்கோட்டையிலிருந்து, மற்றொருவர் திண்டுக்கல்லிலிருந்து. ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்பவர்களும் அப்படியே. சீன் செட்டிங் தனிக் கணக்கு. நோட்டீஸில் எல்லோருடைய போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவது அன்றைக்கு ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான். ஒத்திகை என்பதே கிடையாது. அதுவரை சேர்ந்து நடிக்காத இருவர் அந்த மேடையில் வள்ளியும் முருகனுமாக விடியும்வரை நின்றுவிட்டுப் போவார்கள்.

இது எப்படிச் சாத்தியம் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பாட்டு எல்லோருக்கும் பாடம். கதை எல்லோருக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து. பாடம் இல்லாத பகுதி தர்க்கம். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துக்கு நாரதர் வருகிறார். பரண்மேல் நிற்கும் வள்ளியிடம் ஒரு கேள்வி போடுகிறார். காவல் காக்கும் பெண்ணுக்குத் தனியாக இருக்கப் பயமில்லையா என்று சாதாரணமாகத் தொடங்கும். வள்ளி பதில் சொல்லி எதிர்க்கேள்வி போடுவாள். அடுத்த கேள்வி புராணத்துக்குப் போகும், அங்கிருந்து திருக்குறளுக்கு, அங்கிருந்து அந்த ஊர்க் கம்மாயில் தண்ணீர் இல்லாத கதைக்கு. எங்கே போனாலும் அடுத்த பாட்டின் எடுப்புக்கு இருவரும் வந்து சேர்ந்தாக வேண்டும். ஹார்மோனியக்காரர் இதை உன்னித்துக்கொண்டே இருப்பார். வாக்குவாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, வரப்போகும் பாட்டின் சுருதியை விரலால் லேசாகத் தொட்டுக் காட்டுவார். நடிகருக்கு அது போதும். வாய் பேசிக்கொண்டிருக்க, காது பாட்டுக்குத் தயாராகிவிடும். பபூன் தனியாக வந்து பேசும் முதல் காட்சியில் அவருக்கு எதிராளியாக ‘ஆமா’ போட்டுக் கேள்வி கேட்பதும் இந்த இசைக்குழுவே. நாடகத்தின் டைரக்டர் யார் என்று கேட்டால் நான் ஹார்மோனியக்காரரைத்தான் காட்டுவேன்.

இப்படி நிற்கத் தெரிந்தவர்கள் எங்கே கற்றார்கள்? தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், வயதுக்கு வந்த நடிகர்களின் ஒழுங்கீனத்தில் அலுத்துப்போய்ச் சிறுவர்களை வைத்து நாடகம் போட முடிவெடுத்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்த பிள்ளைகள். அவர்களில் ஒருவரான, ஆறு வயதில் சேர்ந்த அவ்வை சண்முகம், பின்னாளில் ‘எனது நாடக வாழ்க்கை’யில் அந்தப் பாட முறையை விரிவாகவே எழுதியிருக்கிறார், அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததையும் சொல்கிறார். சோறு, படுக்கை, பாடம், அடி எல்லாம் ஒரே கூரையின் கீழ். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளை ஒப்பந்தத்தில் கட்டிவைத்த அந்த முறையை இன்று யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2014-இல் எடுத்த ‘காவியத் தலைவன்’ படத்தில் அதன் பளபளப்பும் பொறாமையும் கொஞ்சம் தெரியும். ஆனால் தமிழில் நாடக வகுப்பு என்று ஒன்று ஒழுங்காக நடந்தது அங்கேதான். பேசும்படம் வந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்த பிறகு, வகுப்பு போய்விட்டது. நாடகம் மட்டும் நின்றது. அதன்பின் கற்றவர்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ, ஒரு வாத்தியாரின் பாட்டு நோட்டிலிருந்தோ, பாதியும் மேடையில் அடிபட்டோ கற்றார்கள்.

பரம்பரையாகக் கைமாறும் நடிப்பு இன்னொன்றும் நம் வட்டாரத்தில் இருக்கிறது. அதை நாடகம் என்று சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய கோயில்களில் நிலைத்திருக்கும், ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவைதான் அது. அதில் முத்துக்குறி என்ற பகுதியில் குல்லாய் வைத்த ஒரே அரையர் மகளாகவும் தாயாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறுவார். வேஷம் மாற்றுவதில்லை. குரலும் கையும் மாறும். நடிப்புப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் பக்கத்தில் கிடைக்காது. ஆனால் அது குடும்பத்துக்கு வெளியே போகிற பாடம் அன்று.

மேடையில் யார் நிற்கலாம் என்ற கேள்வி ஸ்பெஷல் நாடகத்துக்கும் இருந்தது. சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாத தாஸ், முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்கச் சாதியைச் சொல்லி மறுத்த நடிகைகள் உண்டு. அதே மனிதர் முருகன் வேஷத்தில் கதர்ப் பாட்டும் வெள்ளைக்காரரைக் கேலி செய்யும் வெள்ளைக் கொக்கு பாட்டும் பாடினால் கூட்டம் கலையாது. நாடகம் முடிவதற்குள் போலீஸ் வந்து நிற்கும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமணத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது. அவர் போன்றவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்த மதுரகவி பாஸ்கரதாஸ் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உள்ளவர். அதைப் பதிப்பித்தவர் அவருடைய பேரன், கோவில்பட்டி ‘மணல்மகுடி’ நாடகக்குழுவின் ச. முருகபூபதி. ஸ்பெஷல் நாடகத்தின் சரித்திரத்துக்கு அந்த நாட்குறிப்பு பெரிய ஆதாரம்.

ஸ்பெஷல் நாடகத்தைத் திரும்பிப் பார்த்த நவீன நாடகக்காரர்களில் முருகபூபதி ஒரு விதிவிலக்கு என்றே எனக்குப் படுகிறது. 1977-இல் காந்திகிராமத்தில் சங்கரப் பிள்ளையும் சே. ராமானுஜமும் நடத்திய பயிற்சிப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்துக்குப் பெரிய திருப்பம். அந்த ஆண்டுதான் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, அடுத்த ஆண்டு மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை வந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரே வைத்தார்கள். இவ்வளவும் நடந்தபோது வேர் தேடிப் போனவர்களில் பலர் வடக்கே தெருக்கூத்துக்குப் போனார்கள், கூத்துக்குப் பேர்போன புரிசைக்குப் போனார்கள். அது நல்லதே. தென்பகுதி இசை நாடகத்தைப் பார்சி நாடகத்தின் கலப்பு, திரைச்சீலையும் ஜிகினாவும், பபூனின் பச்சைப் பேச்சு என்று ஒதுக்கியதில்தான் நஷ்டம். நவீன நாடகக்காரர்கள் பட்டறை வைத்துச் சொல்லிக்கொடுத்த உடனடி நடிப்பை மேலூர்ப் பக்கமும் வத்திராயிருப்புப் பக்கமும் சாயம் பூசிய முகத்தோடு தினம் செய்துகொண்டிருந்தவர்களை யாரும் வாத்தியாராகக் கூப்பிடவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து மதுரையில் தங்கி, நடிகைகளோடு வண்டியேறி ஊர் ஊராகப் போன சூசன் சைசர் 2005-இல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். நம் பல்கலைக்கழகங்கள் அதைப் படித்தன. படித்ததோடு சரி.

இடையில் ஒரு நல்ல காலம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராக வந்தபோது, மேடையே ஏறியிராத இளைஞர்களும் பெண்களும் சில நாள் பயிற்சியில் வீதி நாடகம் நடித்தார்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் (த.மு.எ.ச.) போட்ட கலை இரவுகளிலும் அந்தக் கை தெரிந்தது. இயக்கம் ஓய்ந்ததும் பயிற்சியும் ஓய்ந்தது.

இன்று பிள்ளைகளுக்கு நாடகம் என்பது ஆண்டுவிழா. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத்திருவிழாவில் நாடகப் போட்டி உண்டு. அதற்காக ஆசிரியர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஆனால் போட்டிக்கு முந்தின இரண்டு வாரத்தில் தொண்டை கிழிய வசனம் ஒப்பிக்க வைப்பதற்குமேல் அவர்களுக்கும் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் மைக்கைப் பார்த்துப் பேசுகிறார்கள், எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை. எதிராளி சொல்வதைக் காதில் வாங்கிப் பதில் சொல்வது நடிப்பின் அரிச்சுவடி. நாரதர்–வள்ளி தர்க்கம் முழுக்க அதுதான்.

அந்தத் தர்க்கமே இப்போது குறைந்துகொண்டு வருகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் பன்னிரண்டு மணி வரை அனுமதிக்கலாம். ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் டான்ஸும் முடிந்து ராஜபார்ட் மேடையேறும்போதே அனேகமாகப் பன்னிரண்டு தாண்டியிருக்கும். விதியில் நியாயம் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் உள்ள தெருவில் விடிய விடிய குழாய் அலறுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் ஒரே மனு, ஒரே ஸ்டேஷன், தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரே மாதிரி வழக்கு என்று ஆனபோது, கமிட்டிக்காரர்கள் நாடகத்தைச் சுருக்கச் சொல்கிறார்கள். சுருக்கினால் முதலில் போவது தர்க்கம். 2020-இல் ஊரடங்கு வந்து பங்குனி முதல் ஆடி வரையிலான சீசன் முழுவதும் போனபோது, கலைஞர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். எல்லோரும் திரும்பி வரவில்லை.

ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா, முதலமைச்சராக இருந்த மனிதர், காந்தி கலை மன்றத்துக்குத் தன் வீட்டையே கொடுத்தார். இடத்துக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. பள்ளிக் கூடங்கள் இருக்கின்றன, மில்காரர்கள் கட்டிய மண்டபங்கள் இருக்கின்றன. நாடக வகுப்பு என்றதும் சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து மூன்று நாள் மூச்சுப் பயிற்சி கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்பதில்லை. அதற்கு முன்னால் ஒரு ஹார்மோனியக்காரர் வரட்டும். ஐந்து கட்டையில் ஒரு எடுப்பைத் தொட்டுக் காட்டி, பேசிக்கொண்டே அதற்கு வந்து சேர் என்று பிள்ளைகளிடம் சொல்லட்டும். ஒரு பபூன் வந்து, கூட்டம் சிரிக்காதபோது என்ன செய்வது என்று சொல்லித்தரட்டும். மூளி அலங்காரி வேஷம் கட்டுகிற ஒரு அம்மா வந்து, ஏச்சு வாங்கிக்கொண்டே வசனத்தை விடாமல் சொல்வது எப்படி என்று காட்டட்டும். இவர்கள் யாரும் கட்டணமில்லாச் சேவைக்கு வரக்கூடியவர்கள் இல்லை. ஒரு ராத்திரிக்கு வாங்குகிற சம்பளத்தை ஒரு நாள் வகுப்புக்கும் கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர்களுக்கு நாடகம் குறைவு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பள்ளிகளும் கலைத்திருவிழாவுக்குத் தயாராவது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.