பட்டின் மடிப்பை ரசிப்பது எப்படி?

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள், காந்தி ரோட்டுக் கடைகளில் அமர்ந்து, நிறத்தைப் பார்ப்பார்கள், சரிகையை விரலால் தடவிப் பார்ப்பார்கள், கனத்தைக் கையில் தூக்கி நிதானிப்பார்கள், முந்தானையில் மயிலா யாளியா என்று விசாரிப்பார்கள். ஆனால் கடைக்காரர் ஒரு புடவையை உதறி விரிக்கிற கணத்தில் அது காற்றில் எழுந்து, ஒருமுறை புடைத்து, பிறகு தன் இஷ்டப்படி மடிந்து அடங்குகிறதே, அதைக் கவனித்தவர்கள் சொற்பம். நிறமும் சரிகையும் நெய்தவரின் சாமர்த்தியம். மடிப்பு ஒன்றே துணி தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லும் இடம் என்பது என் எண்ணம். சென்ற நாற்பது ஆண்டுகளாக இந்த மடிப்பைக் கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கும் சாஸ்திரம் ஒன்று வளர்ந்து வருகிறது. அதன் பலனைத் திரையில் கண்டு ரசிக்கவும் குறை காணவும் விரும்புகிறவர் முதலில் அசலைப் பார்க்கப் பழக வேண்டும். அதற்குக் காஞ்சியைவிட உசிதமான பாடசாலை எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அறிய வேண்டிய சூக்ஷ்மம் இது. மெல்லிய பொருள் எதுவும், பட்டானாலும் பித்தளைத் தகடானாலும், தன்மேல் வரும் நெருக்குதலுக்கு இரண்டு விதமாகவே இணங்க முடியும்: இழுபட்டு இணங்கலாம், அல்லது வளைந்து இணங்கலாம். பருமனைப் பாதியாக்கினால் இழுப்புக்கு அது காட்டும் எதிர்ப்பு பாதிதான் குறைகிறது. வளைவுக்குக் காட்டும் எதிர்ப்போ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே பொருள் மெலிய மெலிய, வளைவது மலிவாகவும் இழுபடுவது கிராக்கியாகவும் ஆகி, சிக்கனக்காரக் குடும்பஸ்தனைப்போல் துணியும் எப்போதும் மலிவான வழியையே தேடுகிறது. இதற்குமேல், தட்டையான பரப்பொன்று இழுபடாமல் ஒரே இடத்தில் இரண்டு திசைகளிலும் வளைய இயலாது என்பது, ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் நிரூபித்த தேற்றத்திலிருந்து நேராகக் கிடைக்கும் முடிவு. மனிதத் தோளோ இரண்டு திசைகளிலும் வளைந்தது. அதன்மேல் விழும் முந்தானை, தோளோடு முற்றும் பொருந்த வகையில்லாமல், மிஞ்சிய துணியை எங்கேனும் ஒளிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தில், ஒரு முனையிலிருந்து விசிறியாக மடிப்புகளை விடுகிறது. நாம் அழகு என்று மெச்சுவது இந்த நிர்ப்பந்தத்தையே. நெய்த துணிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் இழுத்தால் விடாப்பிடியாக நிற்கும் பட்டு, மூலைவாட்டில் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். கைக்குட்டை ஒன்றை எடுத்து இரண்டு விதமாகவும் இழுத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

அடுத்தபடியாக, சிறுமியரின் பட்டுப் பாவாடையை இடுப்பிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். இடுப்பில் நெருக்கிச் சுருக்கியதால் நுண்ணிய மடிப்புகள் அநேகம். இறங்க இறங்க இரண்டு மூன்று மடிப்புகள் சேர்ந்து ஒன்றாகி, விளிம்பில் சில பெரிய அலைகளே எஞ்சுகின்றன. சந்நிதித் திரையிலும் இதே கிரமத்தைக் காணலாம். இந்தச் சேர்க்கை, அணுப் பருமனுள்ள கிராஃபீன் படலம் முதல் ஜன்னல் திரை வரை ஒரே ஒழுங்கில் நிகழ்வதாக 2011-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதற்கு முன்பே, 2003-இல், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரான எல். மகாதேவனும் சிலி நாட்டு என்ரிக்கே செர்டாவும் இழுத்துப் பிடித்த மெல்லிய படலத்தின் சுருக்கங்களுக்கு ஒரு விதியைத் தந்தார்கள். அதன்படி படலத்தின் நீளம் நான்கு மடங்கானால் சுருக்கத்தின் அகலம் இரண்டு மடங்காகும். இழுவிசையை 16 மடங்காக்கினால்தான் அந்த அகலம் பாதியாகக் குறையும். படுக்கை விரிப்பு எப்படிச் சுருங்குகிறது என்று ஆராய்ந்ததற்காக இவ்விருவருக்கும் 2007-இல், சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கென்றே ஏற்பட்ட இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பரிசுக்கு முன்பே, 2004-இல், துணி தொங்கும் லட்சணத்தைப் பற்றியும் அவர்கள் சகாவோடு சேர்ந்து எழுதியிருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் காஞ்சிப் புடவையில் உள்ள விசேஷம் இந்த விதிகளுக்கும் ஒரு படி மேலே போகிறது. கோர்வை முறையில் உடலும் இரு கரைகளும் வெவ்வேறு நிறப் பாவுகளாக, மூன்று நாடாக்களால் நெய்யப்பட்டுப் பின்னிக் கோக்கப்படுகின்றன. சரிகை ஏறிய கரை கனமும் விறைப்பும் மிக்கது. உடல் அதைக் காட்டிலும் இளக்கமானது. ஆகையால் இரண்டும் விரும்புகிற மடிப்பின் அகலம் ஒன்றல்ல. உடல் குறுகிய மடிப்பாக விழப் பார்க்கிறது. கரை அகன்ற வளைவாக நிற்கப் பார்க்கிறது. கோர்வைக் கோட்டிலே இரண்டும் ஒரு சமரசத்துக்கு வந்தாக வேண்டும். நெசவுக்கூடத்தில் கோர்வையின் ரம்பப்பல் வரிசையைப் பார்த்து வியக்கிறவர்கள், உடுத்திய புடவையில் அந்தக் கோட்டையொட்டி உடலின் சிறு மடிப்புகள் கரையின் பெரிய வளைவுக்குள் போய் அடங்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். கொசுவத்தின் அடிப்பாகத்தில் இது நன்றாகத் தெரியும். காஞ்சிப் பட்டின் கம்பீரம் என்று நாம் பொதுப்படச் சொல்லும் குணத்தில் பாதி இந்த இடத்திலேயே இருக்கிறதென்று நான் சொல்லுவேன்.

பட்டை விட்டுப் பாத்திரக் கடைக்குப் போனால் இதே நியாயத்தின் உக்கிரமான முகத்தைக் காணலாம். பித்தளைக் குடத்தை அழுத்தினால் அது சிறிது நேரம் பொறுத்திருந்து, சட்டென்று ஒடுக்கு விழுகிறது. அந்தக் குழி, கண்ணாடியில் தலைகீழாகக் கண்ட அதே புடைப்புத்தான். உள்ளே தகடு ஏறக்குறைய இழுபடவே இல்லை. நஷ்டமெல்லாம் குழியைச் சுற்றிய விளிம்பு வளையத்தில் குவிந்திருக்கிறது. மெல்லிய உலோக உருளைகளை அழுத்திச் சோதித்த பொறியியலார், கணக்கு சொன்ன பாரத்தில் மூன்றில் ஒரு பங்கிலேயேகூட அவை நசுங்கிவிடுவது கண்டு வெகுகாலம் திகைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கோணல்களே இதற்குக் காரணம் என்பதை ஹாலந்து நாட்டு கோய்ட்டர் 1945-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். அது டச்சு மொழியில் இருந்தமையால் உலகம் அதைப் படிக்கப் பல ஆண்டுகள் சென்றன. ராக்கெட்டின் மெல்லிய சுவருக்கும் இதே அபாயம் உண்டாதலால், திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இத்தகைய கணக்குகளுக்கு ஃபீஸ்ட் என்ற மென்பொருளைத் தானே ஆக்கிக்கொண்டது.

கம்ப்யூட்டரோ துணியைப் பல்லாயிரம் சிறு முக்கோணங்களாக அறுத்துக்கொள்கிறது. 1987-இல் டெர்சோபவுலோஸ் குழுவினர் தொடங்கி வைத்த இத்துறையில், 1998-இல் பராஃபும் விட்கினும் பாவு, ஊடை, மூலைவாட்டு, வளைவு ஆகியவற்றின் விசைகளைத் தனித்தனியே எழுதி, கணக்கு சிதறாமல் நீண்ட காலப் படிகளில் தாவும் உபாயத்தைக் காட்டினார்கள். 2003-இல் கிரின்ஸ்பன், ஹிரானி, டெஸ்புரூன், ஷ்ரோடர் ஆகிய நால்வரும், அடுத்தடுத்த இரு முக்கோணங்களுக்கிடையே உள்ள கோணம் இயல்பு நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்பதைக் கொண்டே வளைவின் செலவை அளந்தார்கள். இதனால் முதலிலேயே வளைவுடைய ஓடுகளும் கணக்குக்குள் வந்தன. பீரோவில் வெகுநாள் ஒரே மடிப்பில் வைத்த புடவையில் பதிந்த கோட்டையும், அந்த இயல்புக் கோணம் மாறிவிட்டதாகச் சொல்லி, இந்த முறையில் எளிதாக எழுதிவிடலாம்.

இனித் திரையைப் பாருங்கள். 2014-இல் வந்த கோச்சடையானானாலும் சரி, வேறு எந்தக் கம்ப்யூட்டர் படமானாலும் சரி, முகத்தை விட்டு உடையைக் கவனியுங்கள். துணி ரப்பரைப்போல் நீண்டு சுருங்கினால், இழுப்பின் கணக்கில் தாராளம் காட்டிவிட்டார்கள். மடிப்புகள் மூலை மூலையாக ஒடிந்தால், முக்கோணங்கள் பெரியவை. இடமும் வலமும் ஒரே அச்சாக விழுந்தால், கோய்ட்டரின் கோணல்களைத் தூவ மறந்துவிட்டார்கள். கைத்தறியில் பிறந்த எதுவும் இரண்டு முறை ஒரே மாதிரி விழுவதில்லை. கரையும் உடலும் ஒரே மாதிரி மடிந்தால், அது காஞ்சிப் பட்டே அல்ல, காஞ்சிப் பட்டின் படம் ஒட்டிய வேறொரு துணி. இந்தக் குற்றத்தை மட்டும் நான் மன்னிப்பதில்லை.

துணியின் வளைவையும் மூலைவாட்டு நெகிழ்ச்சியையும் அளக்க ஜப்பானியப் பேராசிரியர் கவபாட்டா வகுத்த கருவிகள் இருக்கின்றன. காஞ்சியிலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. தலைசிறந்த புடவைகள் சிலவற்றை எடுத்து, உடல், கரை, முந்தானை மூன்றையும் தனித்தனியே அளந்து, அந்த எண்களை எல்லோரும் எடுத்தாளும்படி அவர்கள் வெளியிட வேண்டும். அவை இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் காஞ்சிப் பட்டைச் சரியாக மடிக்கப்போவதில்லை.