காத்திருக்கும் காரிகையர்

ஆவடியில் தோழர் ஒருவரின் இல்லம் சென்றிருந்தோம். கூடத்திலிருந்த சாமி படங்களையெல்லாம் கழற்றிவிட்டவர், ஒன்றை மட்டும் விட்டு வைத்திருந்தார்: அன்னத்தோடு நிற்கும் தமயந்தி. "இது கடவுள் அல்லவே, கலைதானே!" என்றார். கலைதான், ஆகவேதான் கூர்ந்து நோக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவி வர்மாவின் தூரிகைத் திறனை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஐரோப்பியரின் எண்ணெய் வண்ணத்தைக் கைக்கொண்டு, 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றவர். 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம், ஆலயத்துள் நுழையத் தடுக்கப்பட்டோர் வீட்டுக்கும் ஆண்டவன் படத்தைக் கொண்டு சேர்த்தது. (காசுக்கு ஆண்டவன் வீடு தேடி வந்த பின்னும், கருவறைக் கதவு மட்டும் திறக்கவில்லை!)

ஆனால், அவர் தீட்டிய பெண் யார்? 1876-இல் சகுந்தலை தாமரை இலையில் மடல் எழுதுகிறாள், துஷ்யந்தனுக்கு. 1893-இல் குழந்தையை ஏந்திய தாய் வழி நோக்கி நிற்கிறாள், கணவன் வருகைக்காக. 1899-இல் தமயந்தி அன்னத்தின் சொல் கேட்டு மயங்குகிறாள், நளனை எண்ணி. மூன்று படங்களிலும் ஆண்மகன் இல்லை. மூன்றும் அவனைப் பற்றியே பேசுகின்றன! அவளுக்கென்று ஒரு நினைப்பு, ஒரு வேலை, ஒரு சினம் உண்டா? நாடோடிக் குடும்பத்தின் வறுமையையும் அவர் வரைந்தார், மறுக்கவில்லை. நாட்காட்டிகளில் நிலைத்ததோ நாணும் நங்கையே.

ஐரோப்பா மட்டும் வேறா? தெலக்ருவா 1827-இல் தீட்டிய 'சர்தனபாலசின் சாவு' ஓவியத்தில், மன்னன் மஞ்சத்தில் சாய்ந்து பார்த்திருக்க, அந்தப்புரப் பெண்கள் கொலையுண்கின்றனர். சாகும்போதும் அவர்தம் உடல் கண்ணுக்கு விருந்தாகவே ஒளிர்கிறது. அங்கே கொலை, இங்கே காத்திருத்தல்.

நம் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று. ரவி வர்மா பிறந்த அதே திருவிதாங்கூரில், அவருடைய 11-ஆம் வயதில், 1859-இல்தான் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்க மன்னரின் ஆணை பிறந்தது. அதுவும் மேல்சாதி மாதரைப் போல அணியலாகாது என்ற நிபந்தனையோடு. பல்லாண்டு அடியும் உதையும் பட்டுப் பெற்ற துணி அது! புராணப் பெண்டிர்க்கெல்லாம் பட்டுச் சேலை போர்த்திய ஓவியரின் புகழ்மிகு படங்களில், அந்தப் போராட்டப் பெண்ணுக்கு இடமில்லை.

இவற்றை நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தோழரின் மகள் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டாள். தமயந்தியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. மின்வண்டிக்கு நேரமாகிவிட்டது.