'யார்?' என்கிற முதல் கேள்வி

இதழியல் வகுப்பில் முதல் நாள் எங்களுக்குச் சொல்லித்தந்தது ஆறு கேள்விகள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. இந்த ஆறுக்கும் பதில் இல்லாதது செய்தியே இல்லை என்றார் ஆசிரியர். சேரியிலிருந்து போன எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கேள்வி கேட்கிறதையே ஒரு தொழிலாச் சொல்லித்தராங்களே என்று சந்தோஷம்.

பிறகு ஒரு பயிற்சி. சொந்த ஊரில் நடந்த ஒன்றைச் செய்தியாக எழுத வேண்டும். எங்க ஊர்த் தேர் எங்க தெருவுக்கு வராது. வரணும்னு கேட்ட பையன்களை அடித்து, ராத்திரி 11 குடிசைகளைக் கொளுத்தினார்கள். கொளுத்தியவர்கள் எந்தச் சாதி, எரிந்தது யாருடைய குடிசை என்று முதல் வரியிலேயே எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது சாதிப் பெயர்கள் மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் திருத்தம்: 'இரு தரப்பினர் மோதல், குடிசைகளுக்குத் தீ வைப்பு.'

"ஒருத்தன் அடிச்சான், ஒருத்தன் அடிவாங்குனான். இதுல மோதல் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன். "நடுநிலை முக்கியம் தம்பி. சாதிப் பேரப் போட்டா பதற்றம் வரும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் படித்த பாடம் அப்படி.

அந்தப் பாடத்துக்கு ஆதாரமும் உண்டு. சாதி அடையாளத்தைச் சொல்வதைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், ஒரு சாதியை இழிவுபடுத்தும் இடங்களில் முக்கியமாகத் தவிர்க்க வேண்டும் என்கின்றன இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறிகள். நல்ல எண்ணம்தான். ஆனால் நடைமுறையில் அது யாரைக் காப்பாற்றுகிறது? திருட்டு வழக்கில் பிடிபட்டவன் 'காலனியைச் சேர்ந்தவர்'. குடிசை கொளுத்தியவன் 'மர்ம நபர்'. காலனி என்றால் என்ன என்று இங்கே யாருக்குத் தெரியாது? அது தீண்டாமையின் குறியீடாகிவிட்டது என்று சொல்லி, அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025இல் தமிழக அரசே அறிவிக்க வேண்டிவந்தது. ஆக, செய்தியிலிருந்து சாதி போகவில்லை. ஒரு பக்கத்துச் சாதி மட்டும்தான் மறைக்கப்படுகிறது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். குற்றம் செய்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர் என்பதிலிருந்துதான் அதன் 3ஆம் பிரிவு தொடங்குகிறது. அதாவது இந்த வழக்குகளில் சாதி வதந்தியுமல்ல, அபிப்பிராயமுமல்ல. நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய உண்மை. அதை அடித்துவிட்டால் 'யார்' என்ற முதல் கேள்விக்கே பதில் இல்லை. 'யார்' போனால் 'ஏன்' என்பதும் கூடவே போய்விடும்.

போகாமல் மிஞ்சினாலும் இன்னொரு கத்தி காத்திருக்கிறது. தலைகீழ்ப் பிரமிடு என்று ஒரு எழுதும் முறை சொல்லித்தருகிறார்கள். முக்கியமானது மேலே, மற்றது கீழே. இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்ட வேண்டும். தலைமுறையாகத் தேர் வராத கதை கடைசிப் பத்தியில் கிடக்கும். முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

இதழியலின் அடிப்படைகளைப் பற்றி பில் கோவாச், டாம் ரோசன்ஸ்டீல் இருவரும் 2001இல் ஒரு நூல் எழுதினார்கள். உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிற நூல். அவர்களே நடுநிலையை இதழியலின் அடிப்படைக் கொள்கையாகச் சொல்லவில்லை. உண்மைக்குத்தான் முதல் கடமை, சரிபார்ப்பதுதான் இத்தொழிலின் சாரம் என்கிறார்கள். நமக்குச் சொல்லித்தருகிறவர்கள் சரிபார்ப்பதைச் சுருக்கி, நடுநிலையைப் பெரிதாக்கிவிட்டார்கள். அந்த 'நடு' எங்கே இருக்கிறது என்று அளப்பது யார்? 2006இல் டெல்லியில் 37 தேசிய ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பதவிகளில் இருந்த 315 பேரை ஆய்வு செய்தார்கள். ஒரு தலித் இல்லை. ஒரு பழங்குடி இல்லை.

எங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா அன்னைக்கு ராத்திரி எவன் எந்தப் பக்கம் நின்னான், எவன் கையில் மண்ணெண்ணெய் டின் இருந்துச்சுன்னு இன்னைக்கும் மாத்தாமச் சொல்லும். எங்கள் வகுப்பில் காவல் நிலையம் 'நம்பகமான ஆதாரம்', எங்கம்மா 'பாதிக்கப்பட்ட தரப்பு'. போலீஸ் சொன்னதைச் சரிபார்க்கணும்னு யாரும் சொல்லித்தரவில்லை.

தமிழ் இதழியல் வரலாறும் படித்தோம். 'சுதேசமித்திரன்' வந்தது, 'இந்தியா' வந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் நடத்திய 'பறையன்' வரவில்லை. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வரவில்லை. சாதிப் பேரப் போட்டா பதற்றம் வரும் என்கிறவர்கள், இழிவென்று சொல்லப்பட்ட பெயரையே தன் பத்திரிகையின் தலைப்பில் அச்சடித்தவரை எப்படிப் பாடத்தில் வைப்பார்கள்?

இதழியல் படிக்கப் போகிற நம் பிள்ளைகள் அந்த ஆறு கேள்விகளைத் தூக்கி எறிய வேண்டாம். அது நமக்கும் ஆயுதம்தான். ஸ்டேஷனுக்குப் போ, தெருவுக்கும் போ. ரெண்டு பேர் சொன்னதையும் சரிபாரு. சரியா இருந்தா, யார்னு முழுசா எழுது.