அரசன் இல்லாத இருபது குறள்கள்

விவேக் நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, போட்டிக்காக 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தான் என் பேரன். "அர்த்தம் என்னடா கண்ணா?" என்றேன். "விடாம உழைச்சா ஜெயிக்கலாம், அவ்வளவுதான் தாத்தா" என்றான். தப்பில்லை. ஆனால் அது பாதிதான். பெரியவர்களாகிய நாமும் இந்தக் குறள்களை வெற்றிக்கு வழிகாட்டும் வாசகங்களாகவே படித்துப் பழகிவிட்டோம்.

ஆள்வினையுடைமை 62ஆவது அதிகாரம், அடுத்தது இடுக்கணழியாமை. இரண்டும் பொருட்பாலில் 'அரசியல்' என்னும் பகுதியின் கடைசி அதிகாரங்கள். ஆகவே அரசனுக்குரிய குணங்கள் இவை என்று கொள்வது உரை மரபு. ஆனால் இந்த இருபது குறள்களையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். மன்னன், வேந்தன் என்ற பேச்சே கிடையாது. மடியின்மையின் கடைசிக் குறளோடு மன்னவன் விடைபெற்றுக்கொள்கிறான்.

பிறகு வருபவர் யார்? தன் சுகத்தை நாடாமல் வேலையை நாடி, உறவினரின் துயர் துடைத்துத் தாங்கும் தூண் போன்றவர் (615). தடைப்படும் இடமெல்லாம் தம் பிடித்து வண்டியிழுக்கும் எருதைப் போன்றவர் (624). பிறருக்கு உதவும் பெருமிதமே விடாமுயற்சியின் மேல்தான் நிற்கிறது என்பது 613. போர்க்கள வீரத்துக்குப் படைச்செருக்கு என்று தனி அதிகாரம் உண்டு. இங்கே பேசப்படுவது குடும்பம் தாங்கும் வீரம்.

'ஊழ்' அதிகாரத்தில் ஊழைவிட வலியது எது என்று கேட்டவரே, 620இல் ஊழையும் புறங்காணலாம் என்கிறாரே, முரண் இல்லையா என்று கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே 619 இருக்கிறது. தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி என்ன தரும்? வெற்றி என்று சொல்லவில்லை, கூலி என்கிறார். உடல் வருந்திய அளவுக்குக் கூலி. உழைப்பாளியின் சொல் அது. பேரன் விட்ட மீதிப் பாதி இதுதான்: ஜெயிக்காவிட்டாலும் உழைப்பு வீண்போகாது, அது தனக்கு மட்டுமானதும் அல்ல.

நம் அல்சூரில் 1991இல் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அதை ஒரு தரப்பின் வெற்றியாக நான் பார்க்கவில்லை. இரு தரப்பாரின் பொறுமைக்கும் கிடைத்த கூலி என்பேன்.

என் அப்பா இந்த ஊருக்கு மில் வேலைக்கு வந்தவர். பெரிதாக எதையும் ஜெயித்ததில்லை. மூன்று தங்கைகளைக் கரையேற்றினார். பேரனிடம் சொன்னேன்: "615ல வர்ற தூண் யாருன்னு கேட்டா, உன் கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லு."

போட்டியில் அதை யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டிலாவது நாம் கேட்போமே.