இடைவெளியும் ஆயத்தமும்: ‘பதேர் பாஞ்சாலி’ படப்பிடிப்பு குறித்து ஒரு மறுநோக்கு

முன்னுரை

பெரிய நிறுவனங்களின் முதலீட்டைச் சாராத சுயேச்சைத் திரைப்படங்கள் பல ஒரே மூச்சில் முடிவதில்லை. பணம் தீர்ந்தால் படப்பிடிப்பு நிற்கிறது. பணம் கிடைத்தபின் அடுத்த பகுதி தொடங்குகிறது. சத்யஜித் ராய் இயக்கிய ‘பதேர் பாஞ்சாலி’ (1955) என்னும் வங்காளத் திரைப்படம் இதற்குப் பெயர்பெற்ற சான்றாகும். இப்படம் உருவான வரலாறு பெரும்பாலும் விடாமுயற்சியின் வெற்றியாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. படத்தைத் தாங்கி நின்றது மனவுறுதி மட்டுமன்று. அடுத்த பகுதிக்கென இயக்குநர் செய்து வைத்திருந்த ஆயத்தமும் ஆகும்.

இடைவெளி விளைவித்த சிக்கல்கள்

படப்பிடிப்பு 1952ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கியது. அபுவும் துர்காவும் நாணற்பூக்கள் மண்டிய வெளியில் நடந்து இரயிலைக் காணும் காட்சியின் ஒரு பகுதி அன்று எடுக்கப்பட்டது. விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய ராய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அங்குச் சென்றபோது பூக்களைக் கால்நடைகள் மேய்ந்து விட்டிருந்தன. எஞ்சிய பகுதியை எடுக்க அடுத்த ஆண்டின் பூக்காலம் வரை காத்திருக்க நேர்ந்தது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்பார். அக்கோட்பாட்டை வங்காளத் திரைப்படத்தின்மீது முழுமையாகப் பொருத்திப் பார்ப்பது நம் நோக்கமன்று. எனினும், பொழுது என்பது வெறும் பின்னணியன்று, பொருளையே தாங்கும் அடிப்படை என்னும் கருத்து இங்கு நமக்கு உதவுகிறது. நடிகரையும் கருவியையும் வாடகைக்குப் பெறலாம். பருவத்தைப் பெற இயலாது. மழைக்காட்சியும் இதனையே உணர்த்துகிறது. மழைக்காலத்தில் கையில் பணமில்லை; பணம் வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. பருவம் தப்பிய மழைக்காகக் குழுவினர் நாள்தோறும் காத்திருந்தனர். மழையில் நனைந்த சிறுவர்களின் நடுக்கம் பெரிதும் நடிப்பன்று.

ஈடுசெய்யக் கூடியனவும் கூடாதனவும்

இடைவெளியால் நேர்ந்த இழப்புகள் இரு வகையின. முதல்வகை ஈடுசெய்யக் கூடியது. மிட்டாய் விற்பவராக நடித்தவர் இடையில் காலமானார். அவரையொத்த உடலமைப்புடைய வேறொருவரை, முகம் தெரியாதவாறு பின்புறமிருந்து படமெடுத்தனர். வீட்டு நாயும் இறந்துபோகவே, அதனைப் போன்ற மற்றொரு நாய் தேடிக் கொணரப்பட்டது. பார்வையாளர் இம்மாற்றங்களை எளிதில் அறிவதில்லை.

இரண்டாம் வகை ஈடுசெய்ய இயலாதது. அபுவின் குரல் உடையாதிருந்ததும், துர்கா வளர்ந்து விடாதிருந்ததும், ஏறத்தாழ எண்பது வயதான சுனிபாலா தேவி உயிரோடிருந்ததும் நற்பேறு என்றே ராய் கருதினார். இக்கருத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். படைப்பாளியே நற்பேறு என ஒப்புக்கொண்டதை நாம் விடாமுயற்சியின் பயன் என மாணவர்க்குக் கற்பித்தல் முறையாகுமா? இம்மூன்றில் ஒன்று தவறியிருப்பினும், எத்துணை உறுதியும் இப்படத்தைக் காப்பாற்றியிராது.

ஆயத்தத்தின் பங்கு

அவ்வாறாயின், இயக்குநரின் திறம் எங்கு வெளிப்படுகிறது? ராயிடம் முறையாக எழுதப்பட்ட முழுத் திரைக்கதை இருக்கவில்லை. மாறாக, காட்சிகளை வரைந்து வைத்த ஓவியங்களும் குறிப்புகளும் இருந்தன. பல மாதங்கள் கழித்து மீண்டும் தொடங்கும்போது, சென்ற காட்சி எங்கு நின்றது, அடுத்த காட்சி எக்கோணத்தில் அமைய வேண்டும் என்பதை அவற்றின் துணையோடு தீர்மானிக்க முடிந்தது. இவ்வாறு, காலத்தால் துண்டிக்கப்பட்டதைத் தாள் இணைத்தது.

காத்திருந்த காலம் கற்ற காலமாகவும் அமைந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா இதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியவரல்லர். பெரும்பாலும் கதை வரிசைப்படியே படமெடுத்ததால் பிற்பகுதி முற்பகுதியினும் செறிவாக அமைந்ததென்றும், முற்பகுதியில் ஓட்டம் சில இடங்களில் தளர்கிறதென்றும் ராயே பின்னாளில் கூறியுள்ளார். இக்குறையை மறைத்துப் படத்தைப் புகழ்வது திறனாய்வாகாது.

இதன் தொடர்ச்சியாகிய ‘அபராஜிதோ’ (1956) படத்தில் ஆயத்தம் மேலும் முதிர்ந்து காணப்படுகிறது. மழைக்காலத்தை அஞ்சி, காசி நகர வீட்டின் முற்றத்தைக் கல்கத்தாவில் படப்பிடிப்புக் கூடத்திற்குள்ளேயே அமைக்க முடிவாயிற்று. திறந்த முற்றத்தில் படியும் நிழலற்ற வானொளியைக் கூடத்திற்குள் பெறுவது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. மித்ரா, மேலே வெண்துணியை விரித்து, அதில் விளக்கொளியைப் பாய்ச்சித் திருப்பும் முறையைக் கையாண்டார். முந்தைய படத்தில் பருவத்திற்காகக் காத்திருந்தவர்கள், இப்படத்தில் பருவம் தரும் இடையூறை முன்னரே கருதி வழிகண்டனர்.

முடிவுரை

மனைவியின் நகைகளும் காப்புறுதிப் பத்திரமும் அடகு வைக்கப்பட்ட செய்தி உருக்கமானதே. ஆயின், வறுமை கலையை வளர்த்தது என்று கூறுவது பிழை. வறுமை இப்படத்தைப் பன்முறை அழிவின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. மேற்கு வங்க அரசின் நிதி கிடைத்த பின்னரே படம் நிறைவுற்றது. ஆகவே, இப்படத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் நற்பேறு, நிதி, ஆயத்தம் ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். மாணவர் தம் முயற்சியால் பின்பற்றக் கூடியது மூன்றாவது ஒன்றே. இடைவெளிக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட நாணற்பூக் காட்சியை அவர்களுக்குத் திரையிட்டு, இணைப்பு எங்குள்ளது எனக் கண்டறியச் செய்வது இதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.