பூங்குழலியின் பாட்டு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. மணிரத்னம் அதனை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாக்கினார். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வாசக அன்பர்கள் கூறக் கேட்ட குறைகள் இரண்டு: மணிமேகலையைக் காணோம், இசையில் சோழர் காலம் இல்லை.

முன்னது நேரிய குறையே. அவளுடைய மரணத்தோடுதான் புதினம் முடிகிறது. பின்னதை ஏற்பதற்கில்லை. பத்தாம் நூற்றாண்டின் இசையைச் செவியாரக் கேட்டவர் யாருளர்? நாம் பழமையென எண்ணுவது பெரிதும் பழைய திரைப்படங்களின் இசையே!

உண்மையான இழப்பு வேறு. பூங்குழலி பாடுவதற்கெனக் கல்கியே ஒரு பாட்டெழுதினார். புறத்தே கடல் அடங்கியிருக்க, அகத்தே கடல் பொங்குவது ஏனென்று அவள் வினவுகிறாள். நெய்தலின் இரங்கலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வாய்ப்பது அரிது. படத்திலோ பூங்குழலிக்குச் சிவா ஆனந்த் எழுதி, ஏ. ஆர். ரகுமான் இசையமைக்க, அந்தரா நந்தி பாடிய வேறொரு பாடல். இனிமைக்குக் குறைவில்லை. ஆயினும், கல்கியின் பாட்டு ஒவ்வொரு வாசகரும் தாமே மெட்டமைத்து மனத்துள் பாடிவந்த பாட்டு. படம் பார்த்தபின் புதினத்தைக் கையிலெடுக்கும் மாணவன் அப்பக்கத்தில் எந்த மெட்டைக் கேட்பான்? ஆதலின் என் மாணவரைப் படத்துக்கு முன்னரே அப்பாட்டை வாய்விட்டுப் படிக்கச் செய்கிறேன். மெட்டு அவரவர் விருப்பம்.