அரை இட்லிக்கும் கட்டாத கணக்கு

"இருபது நிமிஷம் மூச்சு முட்டச் செய்யுங்க, அப்புறம் நாள் முழுக்கக் கொழுப்பு தானா எரியும்." கைபேசியைத் திறந்தால் ஏதாவது ஒரு ஜிம் மாஸ்டர் இதைச் சொல்கிறார். பாதி உண்மை. எந்தப் பாதி?

ஓடி நின்ற பிறகும் மூச்சு வாங்குகிறது. அதற்கும் செலவு உண்டு. 1923-ல் ஏ.வி.ஹில், லப்டன் என்ற உடலியல் ஆய்வாளர்கள் அதை 'ஆக்சிஜன் கடன்' என்றார்கள். சேர்ந்த லாக்டிக் அமிலத்தைத் தீர்க்கும் செலவு என்பது அவர்கள் விளக்கம். பிற்பாடு அது போதவில்லை. ஏறிய உடற்சூடு, அடங்காத இதயத் துடிப்பு, ஹார்மோன்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006-ம் ஆண்டுத் திறனாய்வு ஒன்று, இந்தப் பின்செலவைப் பயிற்சிச் செலவில் 6 முதல் 15 சதவீதம் என்றது.

தளவாய்புரத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து நைட்டி தைத்துவிட்டுச் செட்டியார்பட்டி வீட்டுக்குத் திரும்பும் 60 கிலோ பெண் ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம் ஓடினால், சும்மா இருந்தாலும் ஆகிற செலவைக் கழித்து, சுமார் 180 கலோரி. பின்செலவைப் பத்து சதவீதம் என்று வைத்தால் 18 கலோரி. ஒரு சின்ன இட்லியே 40 வரும். அதே பெண் 45 நிமிடம் கைவீசி நடந்தால் 110 கலோரி. ஆக, வேகத்தின் லாபம் ஓடும்போதே கிடைத்துவிடுகிறது. ஓடி முடித்த பிறகு வருவது சில்லறை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் ஒதுக்கக் கூடாது. 2011-ல் அமெரிக்காவில் பத்து இளைஞர்களைக் கலோரிச் செலவை அளவிடும் அறைக்குள் வைத்து, 45 நிமிடம் கடுமையாகச் சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். மிதிக்கையில் 519 கலோரி. அடுத்த 14 மணி நேரத்தில் கூடுதலாக 190. சில்லறை இல்லைதான். ஆனால் அது முக்கால் மணி நேரக் கடும் மிதி. இருபது நிமிட விளம்பரத்துக்கு அதைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை. அந்த 190-ஐ இரண்டு எண்ணெய்ப் பரோட்டா தீர்த்துவிடும், சால்னா தனி.

ஜிம்காரர்கள் தபாட்டா என்ற ஆய்வாளரையும் இழுப்பார்கள். 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு என்ற அவரது 1996 ஆய்வு அளந்தது உடல் திறனை, கொழுப்பை அல்ல. அந்தத் திறன் கூடுவது மெய்யான பலன், நேரம் இல்லாதவர்களுக்குப் பெரிய பலன். அதைச் சொல்லி விற்றால் குறை சொல்ல மாட்டேன்.

பழக்கமில்லாத பலரால் முதல் வாரத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம்கூட ஓட முடியாது, நடக்க முடியும். எடை குறைக்க நினைப்பவர் பின்செலவைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். நெஞ்சுவலியோ சர்க்கரையோ இருந்தால், வேகத்தைக் கூட்டுமுன் மருத்துவரைப் பாருங்கள்.